கதவுக்குப் பின்னால் அத்தை, சட்டைக்குப் பின்னால் நான்

திருச்சியைத் தாண்டினாலே எங்கள் மன்னார்குடிக்காரனுக்கு அது வெளிநாடுதான். தண்ணீர் அங்கிருந்து எங்களுக்கு வரும். நாங்கள் அங்கே போகிற வழக்கமில்லை. போன கோடையில் நான் போனேன். பாஸ்போர்ட் கேட்கவில்லை. வெட்கத்தை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகச்சொல்லி மனைவியின் உத்தரவு. அதைத்தான் முதலில் மூட்டை கட்டிக்கொண்டேன்.

காரியம் இதுதான். நாமக்கல்லுக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் மாமியாருக்கு மலக்குடலில் புற்றுநோய். சேலத்து டாக்டர், வெட்டி எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார். ஆனால் கீழ்வாசலை நிரந்தரமாக அடைத்துவிட்டு வயிற்றில் புதிதாக ஒரு வாசல் வைத்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டவேண்டும். மாமியார் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிட்டார். “வவுத்துல பீப்பையக் கட்டிக்கிட்டுத் திரியறதுக்கு, இருக்கறமட்டுக்கும் இருந்துட்டுப் போயர்றேன்” என்று ஒரே பேச்சு. ஆஸ்பத்திரியில் படுக்கை ஒதுக்கி, சனிக்கிழமைக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

இதில் நான் எங்கே வருகிறேன்? எனக்கு வந்ததும் அதே வியாதி. அதே ஆபரேஷன். அதே பை. நான்கு வருஷமாகத் தொப்புளுக்கு இடப்பக்கம் அதோடுதான் குடித்தனம். என் மனைவி வளர்மதிக்கும் எனக்கும் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. மாமியார் வீட்டுக்கு ‘வயித்துல ஏதோ கட்டி, எடுத்தாச்சு’ என்பதோடு செய்தி முடிந்துவிட்டது. அதற்கு மேல் சொல்லக்கூடாது என்று வளர்மதியிடம் சத்தியம் வாங்கியவன் நான்.

“நீங்க போங்க” என்றாள். அவள் ஆசிரியை, பரீட்சை நேரம், லீவு கிடையாது. “ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். சட்டையைத் தூக்கி அம்மாகிட்டக் காட்டிட்டு அடுத்த பஸ்ஸுல வந்துடுங்க.”

சொல்வது சுலபம். நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட். சாவைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கப் பேசியே சோறு தின்பவன். என் வழுக்கையைப் பற்றி, தொப்பையைப் பற்றி, கீமோ ஊசி போட்டு நான் பல்லி மாதிரி ஆனதைப் பற்றியெல்லாம் கடைத்தெருவில் நின்று கதை சொல்வேன். பையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வராது. எங்கள் இருவருக்குள் அதற்கு ‘மேட்டூர்’ என்று பெயர். எப்போது திறக்கும் என்று கடைமடைக்காரனுக்குத் தெரியாது அல்லவா? அரசாணை இல்லாமல், விவசாயிகளைக் கேட்காமல், கல்யாணப் பந்தியிலும் எழவு வீட்டிலும் தானாகத் திறக்கும்.

மாமியாரைப் பற்றியும் சொல்லிவிடவேண்டும். வளர்மதி திருச்சியில் படிக்கும்போது என்னைக் காதலித்துக் கட்டிக்கொண்டவள். சில வருஷம் அந்த வீட்டு வாசற்படியே எனக்கு இல்லை. அப்புறம் கூப்பிட்டார்கள், போனேன். ஆனால் இந்தப் பயணம்வரை மாமியார் என் முன்னால் வந்து நின்றதில்லை, என்னிடம் நேராகப் பேசியதுமில்லை. சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு மகனிடம் பேசுவார், அது எனக்கு. மகன் இல்லாவிட்டால் கதவிடம் பேசுவார், அதுவும் எனக்கு. காபியைக் கையில் தரமாட்டார். கதவோரம் ஒரு முக்காலி உண்டு. வளையல் கை மட்டும் வெளியே வந்து அதில் டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விடும். மருமகனுக்குக் காட்டும் மரியாதை என்று வளர்மதி சொல்லுவாள். மரியாதையா, ஆறாத கோபமா என்று எனக்குப் பிடிபட்டதேயில்லை. அப்படிப்பட்டவர் முன்னால் போய் நான் சட்டையைத் தூக்கவேண்டும்!

செவ்வாய்க்கிழமை பஸ் ஏறினேன். பயண நாளில் நான் ஏறக்குறைய உபவாசம். காலையில் கொஞ்சம் தயிர்சாதம், பிறகு மாலைவரை கடவுள் நாமம். முசிறி தாண்டியதும் பஸ்ஸின் டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கிப் புளியமரத்து நிழலில் நின்றோம். எங்கள் ஊரில் டயர் வெடித்தால் டிரைவரைத் திட்ட ஒரு கூட்டம் சேரும். இங்கே நான்கு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜாக்கி போட இறங்கிவிட்டார்கள். ஒருவர் கண்டக்டருக்கே பாடம் எடுத்தார். லாரித் தொழில் செய்கிற ஜில்லா என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. நான் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன். “ஏனுங்க, உங்களுக்கு வாந்தி வாருதுங்களா?” என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். வாந்தி கௌரவமான வியாதி.

திரும்ப ஏறி உட்கார்ந்தபோது வெயிலில் வேர்த்து, பையின் ஓரம் லேசாகக் கழன்றிருந்தது. மேட்டூரும் திறந்திருந்தது. வாசனை மெல்ல எழுந்தது. ஜன்னலைத் திறந்துவைத்துப் பார்த்தேன், கர்ச்சீப்பில் சென்ட் அடித்துப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் மூக்கை இரண்டு தரம் உறிஞ்சினார். என் உயிர் என்னிடம் இல்லை.

“ஊரு வந்துருச்சுங்க” என்றார்.

“எப்படிச் சொல்றீங்க?”

“கோழிப்பண்ணை வாசம் வாருதுங்களே. கண்ண மூடிக்கிட்டே எறங்கலாம்.” ஆழமாக ஒரு மூச்சு இழுத்துக்கொண்டார். “வெளியூருக்காரருக்குத்தான் கஷ்டம். எங்களுக்கு இது ஊட்டு வாசமுங்க.”

வெளியே ஒரு கொட்டகையும் இல்லை. பாறையும் பனையும், குச்சிக்கிழங்கு என்று அங்கே சொல்கிற மரவள்ளித் தோட்டமும்தான். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு ஜில்லாவே எனக்காகப் பழியை ஏற்றுக்கொள்ளும்போது குறுக்கே பேசுவது மரியாதை இல்லை. ஆனால் அவர் அவ்வளவு பிரியமாக முகர்ந்தது மட்டும் இன்னும் என்னைக் கூசவைக்கிறது.

பஸ் நிலையத்துக்கு மச்சினன் செந்தில் கார் கொண்டுவந்திருந்தான். கோழிப்பண்ணை வைத்திருக்கிறான். நல்லவன், வாயாடி. “வாங்க மாமா, என்னுங்க இப்படி எளைச்சுப் போயிட்டீங்க!” என்று பையோடு சேர்த்துக் கட்டிப்பிடித்தான். கோழிப்பண்ணைக்காரனாகப் பிறந்து எனக்கு மச்சினனாக வாய்த்ததற்கு மனத்துக்குள் நன்றி சொன்னேன். அவனுக்கு எந்த வாசனையும் தெரியவில்லை.

வீட்டில் நேராகப் பொடக்காலிக்கு ஓடினேன். அந்தப் பக்கத்தில் கொல்லைப்புறக் குளியலறைக்கு அந்தப் பெயர். பையை மாற்றி, தாள்களில் சுற்றி, துணிப்பையின் அடியில் திருட்டு நகை மாதிரி மறைத்துக்கொண்டு வெளியே வந்தால், முக்காலியில் மோர். கதவு பேசியது: “செந்திலு, மாப்பிள்ளைக்கு வவுறு செரியில்லையாட்ட இருக்குது. மோரக் குடிக்கச் சொல்லு.” குரல் மெலிந்திருந்தது. அந்தக் குரலில் முன்பு ஒரு அதட்டல் இருக்கும். அது இல்லை.

வளர்மதி போன் செய்தாள். “தூக்கினீங்களா?”

“இப்பத்தானே வந்தேன்.”

புதன்கிழமை முழுவதும் சாப்பாட்டிலேயே போனது. காலையில் ஒப்புட்டு. எங்கள் பக்கத்துப் போளியைவிடக் கனமானது. ஒன்று தின்றால் மத்தியானம்வரை பேச்சு வராது. மத்தியானம் அரிசிம்பருப்புச் சாதம், மேலே நெய். ராத்திரிக்குக் கொள்ளு. எனக்கு விலக்கப்பட்ட பொருள் உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது கொள்ளு. உள்ளே போனால் பை பலூனாகிவிடும். “டேய், மாப்பிள்ளை எலையப் பாரு. இன்னொரு கரண்டி கொள்ளு ஊத்து” என்றது கதவு. தனக்கு வியாதி வந்த நாளிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று செந்தில் சொல்லியிருந்தான். சாப்பிட முடியாதவர் கேட்டுக் கேட்டுப் போடச்சொல்லும்போது எப்படி வேண்டாம் என்பது? ஊற்று என்றேன்.

செந்தில் எழுந்து கொட்டகைப் பக்கம் போனான். நானும் கதவும் மட்டும். இதுதான் சமயம் என்று தொண்டையைச் செருமிக்கொண்டேன். சட்டையின் கீழ்ப் பித்தானைக்கூட அவிழ்த்துவிட்டேன்.

“அத்தை, ஆபரேஷனுக்குப் பயப்படாதீங்க. என்னையே பாருங்க. கல்லுமாதிரி இருக்கேன்.”

பிறகு கதவு தன்னிடமே சொல்லிக்கொள்வதுபோல் சொன்னது:

“மாப்பிள்ளை குடுத்து வெச்சவரு. அவருக்கு வந்தது நல்ல வியாதி. வவுத்துல கட்டி, எடுத்தாச்சு, சட்டையப் போட்டுக்கிட்டு நாலு பேருத்தோட எலையில உக்காந்து திங்கறாரு. எனக்கு வந்தது கேவலம் புடிச்ச வியாதி. எந்தச் சென்மத்துப் பாவமோ.”

அந்த நொடியில் சட்டையைத் தூக்கியிருக்கவேண்டும். அதற்காகத்தான் அத்தனை தூரம் வந்திருக்கிறேன். என் கை என்ன செய்தது தெரியுமா? அவிழ்த்த பித்தானை மறுபடி போட்டது. வாய், பழக்கதோஷத்தில், “அப்படியெல்லாம் இல்லீங்க அத்தை, எல்லாம் சரியாப்போயிடும்” என்று பாலிசி விற்கிற குரலில் சொன்னது. எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

“தூக்கினீங்களா?” என்றாள் வளர்மதி.

“சந்தர்ப்பம் வரலை.”

அவள் போனை வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

வியாழக்கிழமை மாமியார் தன் தங்கையைப் பார்க்க மேச்சேரிக்குப் போகவேண்டும் என்றார். “ஒருவாட்டி பாத்துட்டு வந்தர்றேன்” என்று கதவு சொன்ன விதத்திலேயே அது என்ன பார்வை என்று புரிந்துவிட்டது. செந்தில் ஓட்ட, நான் முன்னால், மாமியார் பின்னால். அன்றைக்கு என் சீட்டின் முதுகுதான் கதவு. ஏ.சி.க்காகக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டான். உள்ளே கொள்ளு தன் வேலையை ஆரம்பித்திருந்தது.

ஜலகண்டாபுரம் தாண்டி மேச்சேரியை நெருங்கும்போது, தூரத்தில் மேட்டூர் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி தெரிந்தது. பிறந்ததிலிருந்து எங்களூர் வாய்க்காலில் தண்ணீர் வராததற்கெல்லாம் திட்டு வாங்கிய ஊர். பெயருக்குச் சொந்தக்காரனை நேரில் பார்க்கப்போகிறோம் என்று என் வயிற்றிடம் சொல்லிக்கொண்டேன். அது புரிந்துகொண்டதுபோல் ஒரு சத்தம் போட்டது. அப்போதுதான் சாலையின் குறுக்கே ஆடுகள் வந்தன. செம்பழுப்பு நிறத்தில், சடையில்லாமல் வழவழவென்று, மேச்சேரி ஆடுகள். செந்தில் பிரேக்கில் ஏறி நின்றான்.

வண்டி நின்றது. நான் நிற்கவில்லை. சீட் பெல்ட் என்னைப் பிடித்து இழுத்தது. சரியாக எங்கே பிடிக்கக்கூடாதோ அங்கே பிடித்தது. உப்பியிருந்த பை வெடித்தது.

சட்டையும் வேட்டியும் நனைந்து சூடாக இறங்குவது தெரிந்தது. பிறகு நாற்றம். மூடிய காருக்குள் அதற்கு எந்தக் கோழிப்பண்ணையும் ஈடாகாது.

“சீ, என்ன கெரகம் புடிச்ச நாத்தமுங்க இது!” என்று செந்தில் கண்ணாடியை இறக்கினான். “ஏனுங்கம்மா, உங்க ஆட்டுக்கு என்னத்தப் போடறீங்க? இப்பிடி நாறுது!”

ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்த பெண்மணி கம்பை ஊன்றி நின்றார். “என்ற ஆடா நாறுது? மேச்சேரி ஆட்டப் பாத்து எவனும் இந்தப் பேச்சுப் பேசுனதில்லை, தெரிஞ்சுக்க!” கிட்டே வந்து ஜன்னலில் முகர்ந்தார். “அட, இது ஆடு இல்லீங்க. மனுசன்.”

நாட்டில் ஒரு நேர்மையான சாட்சி வேண்டுமென்று கேட்டால் இனிமேல் அந்த அம்மாளைத்தான் சொல்வேன். செந்தில் என்னைத் திரும்பிப் பார்த்தான். பார்வை கீழே இறங்கியது. அவன் முகத்தில் சிரிப்பு வந்து, பாதியில் நின்று, பயமாக மாறியது. “மாமா…”

நான் ஒரு ஜோக் தேடினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றும் அகப்படவில்லை. கையால் வயிற்றை மூடிக்கொண்டு, நிஜாரை நனைத்துக்கொண்ட பள்ளிக்கூடப் பையனைப்போலக் குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

பின்னாலிருந்து குரல் வந்தது. பழைய அதட்டல். “செந்திலு, வண்டிய ஓரங்கட்டு. எறங்கு. நீ போயி அந்தம்மாவோட ஆட்ட அக்கட்டால முடுக்கி உட்டுட்டு வா.”

“அம்மா, நான் எதுக்கு ஆட்ட…”

“போடான்னா!”

ஆட்டுக்கார அம்மாள் சாலையோரத் தோட்டத்தைக் காட்டினார். “அந்தா எங்க தொட்டிதானுங்க. மோட்டாரு ஓடுது. போயிக் கழுவிக்கச் சொல்லுங்க.” கோழிப்பண்ணை முதலாளி ஆடு மேய்க்கப் போனான்.

தொட்டியில் குழாய்த் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கீழ்ப் பித்தான் அறுபடச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, கழுவக் குனிந்தேன். மாற்றுப் பை வைத்திருந்த என் துணிப்பை காரிலேயே இருந்தது. திரும்பிப் பார்த்தால், மாமியார் அதை எடுத்துக்கொண்டு வந்து, எனக்கு முதுகைக் காட்டி நின்றார். கதவில்லாத இடத்தில் முதுகைக் கதவாக்கிக்கொண்டார். எவ்வளவு மெலிந்துவிட்டார் என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

“அது பையுங்களா, மாப்பிள்ளைங்க?”

செந்தில் இல்லை, கதவும் இல்லை. என்னிடம்தான் கேட்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

“ஆமாங்க அத்தை.”

“எத்தன நாளா?”

“ஆபரேஷன் பண்ணதிலேர்ந்து. உங்களுக்கு வந்ததுதான் எனக்கும்.”

தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. “நேத்து நான் அத்தனை சொன்னனுங்களே. கேட்டுக்கிட்டுத்தான உக்காந்திருந்தீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுல்லீங்க?”

“வெட்கமா இருந்ததுங்க.”

“ஆம்பளை உங்களுக்கே அப்பிடின்னா, எனக்கு எப்பிடியிருக்குமுங்க?”

நான் தண்ணீரை அள்ளி வயிற்றில் ஊற்றிக்கொண்டேன். அவரே, தயங்கித் தயங்கி, “இதோட சமைச்சுப் போட்டா, யாராச்சும் திம்பாங்களா? பக்கத்துல எலை போட்டு உக்காருவாங்களா? உங்களுக்குத் தெரியுமுல்லீங்க, அதான் கேக்கறேன்” என்றார்.

வலிக்குமா, செலவாகுமா, எத்தனை நாள் உயிரோடு இருப்பேன் என்றெல்லாம் கேட்டிருந்தால் கடகடவென்று சொல்லியிருப்பேன். இதற்கு நான் என்ன சொல்ல? “தெரியலைங்க அத்தை. நான் யார்கிட்டயும் சொன்னதே இல்லை. தெரிஞ்சு யாரும் எனக்குச் சோறு போட்டதில்லை, வளரைத் தவிர.” நான்கு வருஷம் மறைத்ததில் நான் சம்பாதித்தது இதுதான்: கேட்க வந்தவருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

“நான் திரும்பட்டுங்களா?” என்றார்.

“திரும்புங்க.”

திரும்பினார். கூசிக்கொண்டு அல்ல. கோழிக்கு நோய் வந்தால் தூக்கிப் பார்ப்பார்களே, அந்த மாதிரி கிட்டே வந்து குனிந்து பார்த்தார். சிவப்பாக, உள் உதட்டைப்போல ஒரு வட்டம், அவ்வளவுதான் அது. நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் பார்த்து மேட்டூர் திறந்தது. அவர் கண்ணெதிரிலேயே. பூமி பிளக்கும் என்று காத்திருந்தேன். அந்தப் பக்கமெல்லாம் பாறைப் பூமி, லேசில் பிளக்காது. மாமியார் தொட்டிமேல் கிடந்த சொம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றினார்.

“அது அதோட வேலையப் பாக்குது, உடுங்க. நோவுதுங்களா?”

“இல்லைங்க. அதுக்கு வலி தெரியாது.”

“கோழிக்கு முட்டை வார எடம் மாதிரித்தானுங்க இருக்குது” என்றார். “நான் என்னமோ பெரிசா நெனச்சிட்டேன்.”

தோல் காய்ந்தால்தான் பை ஒட்டும் என்றேன். முந்தானையால் விசிறினார். மாமியார் விசிற, மருமகன் வயிற்றைக் காட்டிக்கொண்டு நின்ற அந்தக் காட்சியை இரண்டு ஆடுகள் மட்டும் பார்த்தன. பையை ஒட்டி முடித்துத் திரும்பினால், என் சட்டையைத் தொட்டிக் கல்லில் போட்டு அலசிக்கொண்டிருந்தார். “ஐயோ, அத்தை, வேண்டாம்!” என்று பிடுங்கப் போனேன். “சும்மா இருங்க” என்றார். சும்மா இருந்தேன். என் ஜென்மத்தில் அவ்வளவு கூனிக் குறுகி நின்றதில்லை. வெடித்தபோதுகூட இவ்வளவு இல்லை.

செந்திலிடம் காரில் ஒரு பனியன் இருந்தது. கோழித்தீவனக் கம்பெனி இலவசமாகக் கொடுத்த மஞ்சள் பனியன். வயிற்றுப் பக்கம் பெரிய கோழிப் படம். கீழே கொட்டை எழுத்தில், ‘தினமும் தவறாத உற்பத்திக்கு!’ அதுவும் சரியாகப் பைக்கு மேலே. அலசிப் பிழிந்த வேட்டியோடு அதைப் போட்டுக்கொண்டுதான் மேச்சேரிச் சின்னத்தை வீட்டுக்குள் நுழைந்தேன்.

சின்னத்தைக்கு இந்தக் கதவு மறைவெல்லாம் கிடையாது. நேராக வந்து பரிமாறுவார். “என்னுங்க, மாப்பிள்ளை கோழிப் பனியன்ல வந்திருக்கறாரு?” என்று சிரித்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து மாமியார் குரல்: “வார வழியில கெடா முட்டிருச்சு. சட்டை கிழிஞ்சுபோச்சு.” ஒரு தடுமாற்றம் இல்லை. எனக்காக அந்தப் பாவப்பட்ட ஆடுகள் மேல் இரண்டாவது பழி.

இலையில் சோறு விழுந்தது. கறிக்குழம்பு வாசனை. சின்னத்தை கரண்டியை நீட்டினார். கதவிடுக்கில் பார்த்தேன். மாமியார் என்னைப் பார்க்கவில்லை, கரண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்ட கேள்விக்கு அவருக்கு இன்னும் பதில் வரவில்லை. அது எனக்குத் தெரிந்த பதிலுமில்லை. தெரிந்துகொள்ள ஒரே ஒரு வழிதான் இருந்தது.

“கெடா இல்லீங்க சின்னத்தை” என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவதுபோல் இருந்தது. “எனக்கும் உங்க அக்காவுக்கு வந்த அதே கேன்சர்தான். ஆசனவாயை அடைச்சுட்டாங்க. வயித்துலதான் போகும். பை ஒட்டியிருக்கேன். அது வழியில வெடிச்சுப்போச்சு.”

கரண்டி அந்தரத்தில் நின்றது. குழம்பு ஒரு சொட்டு தரையில் விழுந்தது.

“பையுங்களா? இப்பவுமா? இங்கயா?”

“இங்கதான். கோழிக்குப் பின்னால.”

சின்னத்தை கோழியைப் பார்த்தார். கீழே எழுதியிருப்பதையும் படித்திருக்கவேண்டும், உதடு அசைந்தது. செந்தில் தன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குக் காது இரண்டும் எரிந்தன. எழுந்து ஓடிவிடலாமா என்று கால் கேட்டது.

“அப்ப கறி ஆகுங்களா?” என்றார் சின்னத்தை.

“ஆகுமுங்க. நல்லா மென்னு தின்னா ஆகும்.”

“இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? எலும்பாப் போட இருந்தேன்.” கரண்டி குண்டானுக்குள் போய்த் துழாவி, நல்ல கறியாக நான்கு துண்டு எடுத்து வந்தது. இலையில் விழுந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கும் சௌகரியம். சாப்பிட்டு எழுந்ததும் கை கழுவச் சின்னத்தை தண்ணீர் ஊற்றினார். செந்திலுக்கு ஊற்றியதைவிட ஒரு முழம் உயரத்தில் சொம்பைப் பிடித்துக்கொண்டு. தண்ணீர் என் கையில் பாதியும் காலில் பாதியும் விழுந்தது. நான் சிரித்துக்கொண்டே கழுவினேன். அந்தச் சிரிப்பு எனக்கு வாடிக்கை.

காரில் ஏறித் திரும்பினோம். சங்ககிரி வரும்போது பின்சீட்டிலிருந்து, “சொம்ப ஒசத்திப் புடிச்சா. பாத்தீங்களா, மாப்பிள்ளைங்க?” என்றார் மாமியார். செந்தில் திடுக்கிட்டுக் கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தான். அவன் கேட்க அம்மா என்னிடம் பேசுவது அதுதான் முதல் தரம்.

“பாத்தேங்க.”

“அவ அப்பிடித்தான். சின்னதுலருந்து அசிங்கம் ஆகாது அவளுக்கு.” வண்டி ஒரு லாரியைத் தாண்டியது. “ஆனாக் கறி போட்டா.”

“போட்டாங்க. நாலு துண்டு.”

“நானும் பாத்தேன்.” பிறகு: “செந்திலு, ஊட்டுக்குப் போனதும் டாக்டருக்கு போன் போடு. வாரேன்னு சொல்லிப்போடு.”

செந்தில் ஓட்டிக்கொண்டே மூக்கை உறிஞ்சினான். நல்லவேளை, இந்தத் தடவை அது வாசனைக்காக இல்லை.

“தூக்கினீங்களா?” என்றாள் வளர்மதி சாயங்காலம்.

“தூக்கலை. கழட்டியே போட்டாச்சு.” நடந்ததைச் சொன்னேன். அவள் சிரித்தாள், பிறகு “அம்மாவா? சட்டையத் தொவச்சுதா?” என்று மட்டும் இரண்டு தரம் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை கிளம்பினேன். வீட்டுக்குள் எல்லாம் பழையபடி. மாமியார் கதவுக்குப் பின்னால், முக்காலியில் காபி. “செந்திலு, மாப்பிள்ளையக் கேளு. சீலையக் கட்டுனா அந்தப் பை நசுங்காதா?”

செந்தில் என்னைப் பார்த்து, “மாமா, அம்மா கேக்கறாங்க…” என்று ஆரம்பித்தான். எனக்கும் கதவுக்கும் நடுவே நான்கு அடிகூட இல்லை.

“கொசுவத்தை ஒரு பக்கமா நகர்த்திக் கட்டணும்னு சொல்லு. ஆபரேஷனுக்கு முன்னாடியே சீலை கட்டிக்கிட்டுப் போய் டாக்டர்கிட்டக் காட்டி, எந்த இடத்துல வாசல் வெக்கறதுன்னு குறிச்சு வாங்கிக்கணும். எனக்கு வேட்டி கட்டற இடத்துலயே வெச்சுட்டாங்க, நான் கேக்கலை. கேக்க வெட்கப்பட்டேன்.”

“மாப்பிள்ளைய ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லு. அவரே டாக்டருகிட்டச் சொல்லோணும்.”

“வர்றேன்னு சொல்லு” என்றேன்.

“கொள்ளு அவருக்கு ஆகாதுன்னு வளரு சொல்லுச்சு. இனிமே வாயத் தொறந்து சொல்லச் சொல்லு.”

துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். வளையல் கை வெளியே வந்தது. கையில் என் சட்டை, துவைத்து, இஸ்திரி போட்டு மடித்தது. அறுந்துபோன கீழ்ப் பித்தானைப் பச்சை நூலில் தைத்திருந்தார். முக்காலியில் வைப்பார் என்று காத்திருந்தேன். காபி டம்ளரை நான் எடுத்த பிறகு முக்காலி காலியாகத்தான் இருந்தது.

கை முக்காலிக்குப் போகவில்லை. அப்படியே நீட்டியபடி நின்றது.

வாங்கிக்கொண்டேன்.